கவனமாகக் கேட்போர் மன்றத்தின் வியாழக்கிழமை

கொலம்பியாவில், எங்கள் சாந்தியாகோ தே காலியில், பாட்டுக் கேட்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடப் பன்றி திருடினான் என்று பெயர் வாங்குவது மேல். பன்றி திருடியவனை அவன் தெருக்காரர்கள் இரண்டு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். ஆகவே, ஒப்ரேரோ வட்டாரத்தில் 'மெல்லிய ஊசி' என்ற மதுக்கடையில் வியாழன்தோறும் கூடும் கவனமாகக் கேட்போர் மன்றத்தை நான் குறைத்து எதுவும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் பெயர் ஓத்தோனியெல். பிழைப்புக்குக் குளிர்பெட்டி பழுது பார்க்கிறேன். மனசுக்கு ஆளுயர பேஸ் வாத்தியம் வாசிக்கிறேன்.

அந்தக் கடையில் முன்பெல்லாம் வியாழக்கிழமை மாலையில் புது ஆல்பம் ஏதாவது வந்தால் போடுவார்கள். குடிப்பவர்கள் குடிப்பார்கள், ஆடுபவர்கள் ஆடுவார்கள், பிடிக்காதவர்கள் வேறு போடச் சொல்லிக் கத்துவார்கள். அப்படியே இருந்திருக்கும். ஆனால் டாக்டர் எவரார்தோ லெனிஸ் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை. எங்கள் ஊரில் கோட்டுப் போட்ட எல்லோரையும் டாக்டர் என்போம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, அது அவர்கள் கையெழுத்துத்தான் என்று அவர்களுக்கே உறுதிசெய்துகொண்டிருந்த மனிதர். ஓய்வு பெற்ற மறுவாரம் கடைக்கு வந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஆல்பம் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து, "இங்க ஒரு ஒழுங்கே இல்லையே" என்றார். அன்றைக்கே மன்றம் பிறந்துவிட்டது.

சட்டங்கள் எளிமையானவை. இசைத்தட்டில் ஊசி இறங்கிய பிறகு யாரும் பேசக் கூடாது. கோப்பையில் ஐஸ் கூடாது, சத்தம் வரும். பொரித்த பன்றித்தோல் கூடாது, மெல்லும்போது நொறுங்கும். மெத்தென்ற பாலாடைக்கட்டி ரொட்டி தருவார்கள். அதையும் முதல் பக்கம் முடிந்த பிறகுதான் கடிக்கலாம். ஆனால் மணி அடிக்கலாம். இரும்பு மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பாட்டோடு சேர்ந்து குச்சியால் தட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மணி இல்லாமல் கேட்பதை நாங்கள் கேட்பது என்றே சொல்ல மாட்டோம். மன்றம் அதையும் ஒழுங்குபடுத்தியிருந்தது. சேர்ந்த புதிதில் வெறுங்கை. சில வருஷம் போனால் கிலுகிலுப்பை. இன்னும் சில வருஷம் போனால் கோடு கீறி, குச்சியால் சுரண்டி ஒலியெழுப்புகிற காய்ந்த சுரைக்காய். மூத்தவர்களுக்கு மட்டும் மணி. மூத்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் பல வியாழக்கிழமைகளில் ஆல்பம் காதில் விழுந்ததில்லை. ஆனால் ஐஸ் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வாரமும் வெளியூர் டிஜே ஒருவர் விருந்தாளியாக வந்து புது ஆல்பத்தை இரண்டு பக்கமும் முழுசாகப் போடுவார். ஊரில் உள்ள மதுக்கடைக்காரர்கள் எல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மன்றம் தலையசைத்த ஆல்பம் வெள்ளிக்கிழமை முதல் ஊர் முழுக்க ஒலிக்கும். தலையசைக்காத ஆல்பத்தை ஜாடிக்கு மூடியாக வைக்கக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் நான் அங்கே போனேன். வேறு வழி இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

என் மனைவி ஆர்னோபியா பாடகி. கல்யாணம், ஞானஸ்நானம், பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் என்று எல்லா வீட்டு விசேஷத்திலும் பாடியவள். எப்போதும் வேறு யாரோ பெயருள்ள குழுவில், ஓரத்தில் நின்று. அவள் குரல் கனமானது, தாழ்ந்தது, எந்த அவசரமும் இல்லாதது. ஒரு வரியை ஆரம்பித்தால் அதை முடிப்பதற்குள் கேட்கிறவன் தன் வாழ்க்கையில் யாரை எல்லாம் ஏமாற்றினான் என்று யோசித்துவிடலாம். போன வருஷம் அவள் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், ஈஸ்டர் முடிந்ததும் தேதி என்றார்கள். நண்பர்கள் கூடினோம். ஒரு கராஜில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து அவளுடைய எட்டுப் பாட்டையும் பதிவு செய்து, இசைத்தட்டாகவும் அழுத்தி வாங்கிவிட்டோம். அட்டையில் அவள் படம். அவள் பேரில் வந்த முதல் தட்டு. கடைசித் தட்டும் அதுதான் என்பது எங்களுக்குத் தெரியும்.

"எனக்கு மேடையெல்லாம் வேணாம், ஓத்தோ" என்றாள். "ஒரு ரூம்ல நாலு பேரு கேக்கணும். கேக்கறப்ப அவங்க மூஞ்சிய நான் பாக்கணும். இத்தன வருஷம் எல்லாரும் கேக் வெட்டிக்கிட்டேதான் என் பாட்ட கேட்டிருக்காங்க."

அந்த நாலு பேர் இருக்கும் அறை எங்கள் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

முதல் தடவை போனபோது மன்றத்தின் செயலாளர் யெசித் என் தட்டை வாங்கி, சமையலறையில் பன்றிக்கறி நிறுக்கும் தராசில் வைத்தான்.

"பத்தாது, டோன் ஓத்தோனியெல்" என்றான். ஆணுக்கு டோன், பெண்ணுக்கு டோன்யா, எங்கள் ஊர் மரியாதை.

"என்ன பத்தாது?"

"வெயிட்டு. நூத்தியெம்பது கிராம் இருக்கணும். இது நோஞ்சானா இருக்கு."

"பாட்டு நல்லாருக்கும், யெசித்."

"இருக்கட்டுமே. பாட்டு என் டிபார்ட்மெண்ட் இல்ல. நான் வெயிட்டுதான்." என் முகத்தைப் பார்த்து அவனுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான். "அட்டையோட சேத்து வைங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அட்டையோடு சேர்த்து வைத்தேன். கனம் வந்துவிட்டது. மன்றத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அடுத்தது முன்கேட்புக் குழு. ஒரு ஆல்பம் கேட்கத் தகுதியானதா என்று முடிவு செய்பவர்கள். மூன்று பேர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டாக்டர் லெனிஸ். ஒருவர் அட்டைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். இன்னொருவர் தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, முட்டை பார்ப்பதைப் போலப் பார்த்தார். டாக்டர் கண்களை மூடிக்கொண்டு தட்டின் விளிம்பில் விரலை ஓட்டினார். வெகுநேரம் ஓட்டினார். நான் பொறுக்க முடியாமல், "ஒரு பாட்டு போட்டுப் பாக்கறீங்களா டாக்டர்?" என்றேன்.

சட்டையைக் கழற்றச் சொன்னதைப் போல மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"டோன் ஓத்தோனியெல்" என்றார் டாக்டர், கோபமே இல்லாமல். "கேட்டுட்டு முடிவு சொல்றத எவன் வேணா செய்வான். ஒரு தடவ கேட்டுட்டா மனசுல அபிப்பிராயம் விழுந்துரும். அபிப்பிராயம் விழுந்த மனுஷன் எப்படி நடுநிலையா இருப்பான்? எங்க குழுவுல ஒருத்தரு போன வருஷம் ஒரு ஆல்பத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் திருட்டுத்தனமா கேட்டுட்டார். மறுநாளே அனுப்பிட்டோம். நல்ல மனுஷன். மணி அடிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம். என்ன பண்றது, கெட்டுப்போயிட்டார்."

மற்ற இருவரும் கெட்டுப்போனவருக்காகத் தலைகுனிந்து ஒரு நொடி மௌனமாக இருந்தார்கள். பிறகு எங்கள் தட்டு தகுதியானது என்றும், வரிசையில் நிற்கட்டும் என்றும் சொன்னார்கள்.

வரிசை நீளமாக இருந்தது. தட்டு நின்றுகொண்டே இருந்தது. ஈஸ்டர் வந்தது, போனது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் ஆர்னோபியா பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டேன். எந்த மணியும் அடிக்கவில்லை. ஒரு பாட்டை முடித்துவிட்டுக் குழாயை மூடினாள். அப்புறம் அவள் பாடவில்லை. பேசவும் இல்லை. இப்போது கழுத்தில் ஒரு துளை, அதை மூட ஒரு துணி. உதட்டை அசைப்பாள், நான் படித்துக்கொள்வேன். எனக்குப் புரியாவிட்டால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

கடைசியில் எங்கள் வியாழக்கிழமை வந்தது. ஆர்னோபியா பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றி, நல்ல தோடு போட்டுக்கொண்டாள். எங்களுக்கு ஓரமாக, ஆனால் எல்லோர் முகமும் தெரியும் இடத்தில் யெசித் நாற்காலி போட்டான். அவள் அவனுக்கு ஒரு முத்தத்தைக் காற்றில் அனுப்பினாள்.

அந்த வாரத்து விருந்தாளி பொகோத்தாவிலிருந்து வந்திருந்தார். தொழில் பெயர் டிஜே மௌனம். எங்கள் ஊர் வெயிலில் கம்பளித் தொப்பி அணிந்திருந்தார். அதை அவர் கழற்றவே இல்லை. ஒலிவாங்கியைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார்.

"நான் பாட்டு போடறவன் இல்ல, நண்பர்களே. நான் விலகிக்கறவன். நான் விலகிக்கறேன், பாட்டு தானா வருது. என்னைய நான் காட்டிக்கவே கூடாது, அதான் என் கலை. இத நான் பாரிஸ்ல சொன்னப்ப சுவரளவுக்கு என் போட்டோவ ஒட்டினாங்க. பெர்லின்ல நான் எப்படி விலகிக்கறேன்னு ஒரு படமே எடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் ஓடுது. அதுல முழுக்க நான்தான்."

கூட்டம் தலையசைத்தது. அவர் எங்கள் ஊரைப் பற்றிப் பேசினார், தன் காதுகளைப் பற்றிப் பேசினார், இடது காது எதற்கு, வலது காது எதற்கு என்று பேசினார். ஆர்னோபியா எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இன்னும் கேட்காத முகத்தோடு இருந்தார்கள்.

மன்றத்தில் ஒரு சடங்கு உண்டு. புது ஆல்பத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு பழைய சின்னத் தட்டைப் போட்டு ஊசியைக் 'கழுவுவார்கள்'. சின்னத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓடுவது. ஆல்பம் முப்பத்து மூன்றில். இடையில் வேகக் குமிழைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். டிஜே மௌனம் ஊசியைக் கழுவினார். சின்னத் தட்டை எடுத்தார். ஊசியை எவ்வளவு மென்மையாக இறக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே எங்கள் தட்டை வைத்தார். ஊசியை உண்மையிலேயே மென்மையாக இறக்கினார். குமிழை மறந்துவிட்டார்.

பியானோ, தெருநாய் துரத்துவதைப் போல ஓடி வந்தது. அதன் பின்னால் தையல் மெஷின் ஒன்று வந்தது. அது நான். என் பேஸ். அப்புறம் ஒரு பெண்பிள்ளை பாட ஆரம்பித்தாள். அந்த வேகத்தில் ஆர்னோபியாவுக்குப் பதினைந்து வயது இருக்கும். துருதுருவென்று, கீச்சென்று, துக்கம் என்றால் என்னவென்றே தெரியாத குரல். 'நீ கதவைச் சாத்தியபோது நான் விளக்கை அணைக்கவில்லை' என்று ஆர்னோபியா எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு விட்டுப் பாடிய வரியை, அந்தப் பிள்ளை ஐஸ்கிரீம் வண்டியைத் துரத்திக்கொண்டு போவதைப் போலப் பாடிவிட்டுப் போனாள்.

ஆர்னோபியாவின் விரல்கள் என் கையை இறுக்கின. நான் எழுந்தேன். யெசித் என் தோளை அமுக்கினான்.

"உக்காருங்க. பார்வையாளர் பேசக் கூடாது."

"வேகம் தப்பு, யெசித்! குமிழத் திருப்பச் சொல்லு!"

"ரெண்டு பக்கமும் முடியட்டும். அப்புறம் கேள்வி நேரம் இருக்கு. சட்டம், டோன் ஓத்தோனியெல்."

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வெளியூர்த் தட்டுகள் வந்தபோது, அவை எங்கள் ஆட்டக்காரர்களின் காலுக்கு மந்தமாகப் பட்டன. கடைக்காரர்கள் குமிழைத் திருப்பி நாற்பத்தைந்தில் போட்டார்கள். கால்கள் பறந்தன. அதிலிருந்து வேகம் என்பது எங்கள் ஊரின் மானம். வேறு எந்த ஊரிலாவது அன்றைக்கு யாரேனும் ஒருவர் முகம் சுளித்திருப்பார். 'மெல்லிய ஊசி'யில் முதல் வரிசை மூத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்ல மணிகளை எடுத்தார்கள். இரண்டாம் பாட்டில் எல்லா மணியும் ஒலித்தது. மூன்றாம் பாட்டில் சுரைக்காய்கள் சேர்ந்துகொண்டன. நான்காம் பாட்டில் கடைக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். "யாருப்பா இந்தப் பொண்ணு!" என்று ஒருவர் கத்தினார். என்னையும் யெசித்தையும் விட்டுவிட்டால், மன்றத்தின் வரலாற்றில் ஊசி இறங்கிய பிறகு பேசப்பட்ட முதல் சொற்கள் அவை. டாக்டர் லெனிஸ் தண்டிக்கவில்லை. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்னோபியா அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெம்பு இல்லை.

கேள்வி நேரம் வந்தது. நான் எழுந்து சொன்னேன். தட்டு தப்பான வேகத்தில் ஓடியது. பாடியவள் பிள்ளை இல்லை, என் மனைவி. இதோ இருக்கிறாள். தயவு செய்து ஒரு பாட்டை மட்டும் சரியான வேகத்தில் போடுங்கள்.

டிஜே மௌனம் வாழ்க்கையில் முதல் தடவையாக மௌனமாக இருந்தார். டாக்டர் எழுந்தார்.

"டோன் ஓத்தோனியெல், உங்க அடக்கம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. வேகத்த தட்டு தீர்மானிக்கறதில்ல. பாடறவங்களும் தீர்மானிக்கறதில்ல. அவங்க பாடிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. அதோட அவங்க வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தப் பாட்டுக்கு நாங்கதான் பொறுப்பு. கேக்கறவன்தான் பொறுப்பு! எங்களுக்கு அது நாப்பத்தஞ்சுல கேட்டுச்சு. இத்தன பேரு காது தப்பா, உங்க ஒரு வாய் தப்பா?"

கைதட்டல்.

"அட்டையில இருக்கற படத்தப் பாருங்க டாக்டர்! அது இவதான்!"

டாக்டர் அட்டையைப் பார்த்தார். ஆர்னோபியாவைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"அம்மா படத்தப் போட்டிருக்கா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை செய்யும்? பாசக்காரப் பொண்ணு."

"எங்களுக்குப் பொண்ணே கிடையாது!"

"சரி" என்றார் டாக்டர், தாராளமாக. "இந்த மன்றத்துல யாருக்கும் நாங்க அநியாயம் பண்ணதில்ல. டோன்யா ஆர்னோபியா ஒரே ஒரு வரி பாடிக் காட்டட்டும். நாங்க ஒத்துக்கறோம்."

எல்லோரும் திரும்பினார்கள். ஐஸ் இல்லாத, பன்றித்தோல் இல்லாத, மணி இல்லாத முழு நிசப்தம். இத்தனை வருஷமாக மன்றம் தேடிக்கொண்டிருந்த நிசப்தம் அதுதான். ஆர்னோபியா எழுந்து நின்றாள். பச்சைத் துண்டின் மேல் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள். காற்று அவள் கழுத்து வழியாகப் போய்விட்டது.

டாக்டர் ஒரு கௌரவமான இடைவெளி கொடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டோன்யாவுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லைன்னு தெரியுது."

கைதூக்கி வாக்கெடுத்தார்கள். ஆல்பத்தின் வேகம் நாற்பத்தைந்து என்று ஒருமனதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை முதல் ஊர் முழுக்க அந்தப் பிள்ளையின் குரல்தான். சந்தையில், டாக்சியில், சலூனில், கறி வைத்துப் பொரித்த எம்பனாடா விற்கும் எங்கள் தெருமுனைக் கடையில். ஊரில் எல்லாப் பிளேயர்களிலும் குமிழ் தானாக நாற்பத்தைந்துக்குப் போயிற்று. நான் கடை கடையாக ஏறி விளக்கினேன். ஒரு கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்காக முப்பத்து மூன்றில் போட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "இது வேற அம்மா யாரோ பாடறாங்க. சீக்காளி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குமிழைத் திருப்பினார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் எனக்கு ஒரு எம்பனாடா கொடுத்தார், சும்மா.

வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். "உங்க பொண்ணு எங்க இருக்காங்க? ஒரு பேட்டி எடுக்கணும்."

பொண்ணு இல்லை என்றேன். சிரித்தாள். சண்டையா என்றாள். இல்லை என்றேன். காதல் கல்யாணமா, உங்களுக்குப் பிடிக்கலையா என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஜன்னலில் நின்றார்கள். நாளெல்லாம் இதையே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

"மாட்ரிட்ல இருக்கா" என்றேன்.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் திரும்பினால் ஆர்னோபியா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உதட்டை அசைக்கவில்லை. முழங்காலில் தட்டவில்லை. உள்ளே போய் வாழைக்காயைத் திருப்பிப் போட்டாள்.

மாட்ரிட் செய்தி வேகமாகப் பரவியது. மகள் படிக்கிறாள் என்றார்கள். மகளுக்கு ஸ்பானியன் ஒருவனோடு நிச்சயமாகிவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு அதில் மனவருத்தம், அதனால்தான் யாரோடும் பேசுவதில்லை என்றார்கள். மீன்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க டோன்யா, வயசுப்புள்ளைங்க அப்படித்தான். ஒரு நாள் வந்து உங்க கால்ல விழுவா பாருங்க" என்று ஆறுதல் சொன்னாள். ஆர்னோபியா தலையசைத்தாள். வேறு என்ன செய்வாள்?

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் கழித்து டாக்டர் லெனிஸே கோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்றம் ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறது, மிகச் சிறந்த கேட்பவர் விருது. இந்த வருஷம் ஆர்னோபியாவுக்கு என்று முடிவாகியிருக்கிறது. கூடவே, மகளின் சார்பில் பாராட்டையும் அவளே பெற்றுக்கொள்ள வேண்டும்.

"முடியாது" என்றேன் நான்.

ஆர்னோபியா என் முழங்காலில் தட்டினாள். உதட்டைப் படித்தேன். போவோம் என்றாள்.

அந்த வியாழக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. டிஜே மௌனம் மறுபடி வந்திருந்தார். எங்கள் ஆல்பத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவருக்கு மெக்ஸிகோவில் பெயர் வந்திருந்தது. தொப்பி மட்டும் புதிது. ஆர்னோபியாவை முன்னால் அழைத்து, பிளேயருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கையில் விருதாக ஒரு பித்தளைக் காது கொடுத்தார்கள். டாக்டர் பேசினார்.

"நண்பர்களே, இந்த மன்றத்துல பேசாம இருக்கறதுக்கு நாம எத்தன சட்டம் போட்டோம்! யாராலயாவது முடிஞ்சுதா? உண்மையச் சொல்லணும்னா என்னாலயே முடியல. நான் பேசிக்கிட்டேதான் இருக்கேன். என் சம்சாரம் சொல்லுவா, நீங்க தூக்கத்துலகூட வாக்கெடுப்பு நடத்தறீங்கன்னு. ஆனா டோன்யா ஆர்னோபியாவப் பாருங்க. ஒரு வார்த்த? ஒரு முனகல்? இப்படி ஒரு கட்டுப்பாட்ட நான் கண்டதேயில்ல. ஒரு கலைஞியப் பெத்த தாய்க்கு எவ்வளவு சொல்ல இருக்கும்! சொல்லலியே! நம்ம எல்லாருக்கும் இவங்கதான் முன்மாதிரி."

மணிகள் எல்லாம் ஒருசேர முழங்கின. டிஜே மௌனம் ஊசியைக் கழுவினார், எங்கள் தட்டை வைத்தார், முதல் பாட்டில் ஊசியை இறக்கினார். பிள்ளை பாட ஆரம்பித்தாள். மூத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்கள். டிஜே தன் விலகலைப் பற்றி ஒருவரிடம் சொல்வதற்காகத் திரும்பினார்.

ஆர்னோபியா பித்தளைக் காதை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை நீட்டிக் குமிழைத் திருப்பினாள்.

குரல் இறங்கியது. படியிறங்கி வருவதைப் போல ஒரு நொடியில் இறங்கி, தன் இடத்துக்கு வந்து நின்றது. என் மனைவியின் குரல். ஈஸ்டருக்குப் பிறகு அந்தக் குரல் நாலு பேர் கூடிய அறையில் ஒலித்ததே இல்லை. 'நீ கதவைச் சாத்தியபோது' என்று பாடி, மூச்சு விட்டாள். மணிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. யாரும் தட்டவில்லை, யாரும் மெல்லவில்லை. 'நான் விளக்கை அணைக்கவில்லை' என்று பாடினாள். பேஸ் அவள் பின்னால் மெதுவாக நடந்து வந்தது. ஆர்னோபியா நிமிர்ந்து நின்று அந்த அறையிலிருந்த எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

எல்லோரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் டல்லடிக்குது" என்றார் ஒருவர்.

"விசிறி ஓடுதே?"

"விசிறி வேற லைனு. ஃபியூஸப் பாரு, சீக்கிரம் பாரு!"

கடைக்காரன் டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். யாரோ சனியன் பிடித்த மின்வாரியம் என்று திட்டினார்கள். டிஜே மௌனம் பதறித் திரும்பி, குமிழைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு மட்டும் புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் ஆர்னோபியாவைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு விரலால் குமிழைத் தள்ளிவிட்டார். பிள்ளை கீச்சென்று திரும்பி வந்தாள். மணிகள் நிம்மதியாக ஒலித்தன.

டாக்டர் லெனிஸ் ஆர்னோபியாவின் முழங்கையை மென்மையாகப் பிடித்து நாற்காலிக்கு அழைத்து வந்தார். அவள் பிளேயரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"பயந்துட்டீங்களா டோன்யா?" என்றார். "மெஷின் கோளாறுதான். உங்க பொண்ணு குரலுக்கு ஒண்ணும் ஆகல."

கடைக்காரன் டார்ச்சோடு திரும்பி வந்தான். எல்லோரும் எழுந்து நின்று அவனுக்குக் கை தட்டினார்கள்.